யாரும் நிற்காத நிழற்குடை

1. சித்திரை வெயில்

நகர அலுவலகத்து உதவிப் பொறியாளர் சம்பத் போன் செய்தபோது நான் சென்னையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் போனை எடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. மூன்றாவது தடவையும் அடித்ததால் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"மேடம், நீங்க சொன்ன இடத்துலதான் நிழற்குடை கட்டினோம். கட்டி ஒன்றரை மாசம் ஆவுது. ஒருத்தரும் உள்ள நிக்க மாட்டேன்றாங்க."

"பஸ் அங்க நிக்குதா சார்?"

"நிக்குதே. மினி பஸ்ஸும் நிக்குது, ஸ்ரீபெரும்புதூர் போற கம்பெனி பஸ்ஸும் நிக்குது. ஜனங்க என்னடான்னா பத்தடி தள்ளி வெயில்ல நின்னுக்கினு இருக்காங்க. பெரிய ஆபீசர் நேத்து இன்ஸ்பெக்‌ஷன் வந்தாரு. இது யாருக்குய்யா கட்டினதுன்னு கேட்டாரு. நான் என்ன சொல்றது?"

நான் மானுடப் புவியியல் பேராசிரியராக இருந்தேன். புவியியல் என்றால் மலையும் ஆறும்தானே என்று என் சொந்தக்காரர்கள் இன்றும் கேட்பார்கள். என் வேலை அதுவல்ல. ஓர் ஊரில் மனிதர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள், எதில் ஏறுகிறார்கள், எதில் ஏறாமல் விடுகிறார்கள், ஏன் என்று பார்ப்பது. நடப்பதும் பஸ்ஸில் போவதும் எளிதாக இருந்தால் வீட்டுக்கு இரண்டு வண்டி என்ற நிலை வராது. புகையும் நெரிசலும் குறையும். முப்பது வருஷமாக இதைத்தான் ஆராய்ந்தேன், இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் குறிப்பை எழுதுவதும் இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்காகத்தான். காஞ்சிபுரத்தில் நடந்ததை இதுவரை நான் முழுதாக எங்கும் எழுதவில்லை.

அங்கே நெசவாளர் தெருக்கள் மூன்று சந்திக்கும் இடத்தில் ஒரு வெட்டவெளி உண்டு. மினி பஸ் அங்கே வந்து திரும்பிப் போவதால் அதற்குத் 'திருப்பம்' என்று பெயர். அங்கே நிழற்குடையை எங்கே வைத்தால் அதிகம் பேருக்குப் பயன்படும் என்று கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் ஆய்வில் ஒரு பகுதி. ஓர் ஆலோசனை நிறுவனம் எங்கள் துறையிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தது. நாங்கள் ஓர் இடத்தைச் சொன்னோம். நகர அலுவலகம் கட்டியது.

மறுநாளே என் ஆய்வு மாணவி பெனசீரைக் கூட்டிக்கொண்டு போனேன். பெனசீர் ஆற்காட்டுப் பெண். குறைவாகப் பேசுவாள், நிறையக் கவனிப்பாள்.

நிழற்குடை நன்றாகத்தான் இருந்தது. நல்ல தகரக் கூரை, ஸ்டீல் பெஞ்சு, டைல்ஸ் போட்ட தரை. பகல் பன்னிரண்டு மணி. வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. கம்பெனி இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் ஆறேழு பேர் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே நின்றார்கள். பக்கத்திலேயே காலி பெஞ்சு, நிழல்.

ஒரு பெண்ணிடம் கேட்டேன், "உள்ள நிக்கலாமே?"

"உள்ள வெக்கையா இருக்குது மேடம்."

இன்னொருத்தி, "அங்க நின்னா பஸ் வர்றது தெரியாது" என்றாள். மூன்றாமவள் "சிக்னல் கிடைக்காது" என்றாள். காய்கறிப் பையோடு நின்ற ஒருவர், "ஒண்ணும் இல்லமா, இப்படியே பழகிடுச்சு" என்றார். கட்டி ஒன்றரை மாதம் ஆன ஒன்றில் எப்படிப் பழகும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். ஒன்று இன்னொன்றோடு ஒட்டவில்லை. யாரும் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை. நான் கேட்ட பிறகுதான் காரணத்தைத் தேடினார்கள் என்று மட்டும் தெரிந்தது.

பெனசீர் என் கையைத் தொட்டாள். "மேடம், ஒரு போஸ்டர்கூட இல்ல பாருங்க."

அப்போதுதான் கவனித்தேன். எதிரே மருந்துக்கடைச் சுவர், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர் பெட்டி எல்லாவற்றிலும் காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம் என்று போஸ்டர் மேல் போஸ்டர். புத்தம் புது நிழற்குடையின் பின்பக்கத் தகடு அப்படியே பளபளவென்று இருந்தது. நம் ஊரில் ஒரு சுவர் ஒன்றரை மாதம் போஸ்டர் இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

சரி, நாமே உட்கார்ந்து பார்ப்போம் என்று உள்ளே போனோம். வெக்கை இல்லை. பஸ் வருவது நன்றாகத் தெரிந்தது. போனில் சிக்னலும் இருந்தது. நான் நோட்டைத் திறந்து மணியைக் குறித்தேன்.

"மேடம்," என்றாள் பெனசீர், "இங்க நம்ம குரல் கொஞ்சம் வேற மாதிரி கேக்குது இல்ல?"

தகரக் கூரைதானே, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நாங்கள் இருவரும் வெளியே, அந்தக் கம்பெனிப் பெண்களோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். எப்போது எழுந்தோம், எதற்காக எழுந்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நோட்டில் உள்ளே போன நேரம் எழுதியிருந்தது. வெளியே வந்த நேரம் எழுதவில்லை. களப்பணியில் அதுவரை நான் அப்படி விட்டதே கிடையாது.

2. நாய்ஸ்

அந்த இடத்தை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முந்தின வருஷம் அந்தத் தெருக்காரர்கள் பலரிடம் ஜிபிஎஸ் லாகர் கொடுத்திருந்தோம். தீப்பெட்டி அளவுக் கருவி. கழுத்திலோ பையிலோ போட்டுக்கொண்டு வழக்கம்போல் நடமாட வேண்டும், அவ்வளவுதான். சில விநாடிக்கு ஒரு தடவை அது இடத்தைக் குறித்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒவ்வொருவருடைய நடைக்கும் ஒரு கோடு கிடைக்கும்.

எங்களுக்கு அதிகக் கோடு கொடுத்தவர் லோகநாயகி. நாற்பத்தைந்து வயது இருக்கும். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்துக் கொடுப்பது அவர் தொழில். எந்த வீட்டில் பாவு முடிகிறதோ அங்கே போக வேண்டும். அதனால் நாள் முழுக்க நடை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை திருப்பத்தைக் கடப்பார். விரல் நுனியில் எப்போதும் சாம்பல் ஒட்டியிருக்கும், இழை வழுக்காமல் இருக்க. எங்கள் கருவியிலும் அந்தச் சாம்பல் படிந்துதான் திரும்பி வரும்.

ஜிபிஎஸ் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. குறுகலான தெருவில் சிக்னல் சுவரில் பட்டு எகிறும். தெருவில் நடந்தவர் வீட்டுக்குள் நடந்த மாதிரி காட்டும். இதற்கு நாய்ஸ் என்று பெயர். புள்ளிகளைத் தெருவின் நடுக்கோட்டுக்கு இழுத்து நேர்படுத்தும் சாப்ட்வேர் உண்டு. க்ளீனிங் என்போம். எல்லோரும் செய்வதுதான்.

நிழற்குடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று மாலையே ரா டேட்டாவைத் திறந்தேன். க்ளீன் செய்வதற்கு முந்தைய கோடுகள். எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டேன்.

திருப்பத்தின் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது.

தெருவிலிருந்து வரும் கோடுகள் நேராக வந்து, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாகப் பிரிந்து, தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொண்டன. ஓடும் தண்ணீரில் கல் இருந்தால் எப்படிப் பிரியுமோ அப்படி. எல்லாத் தெருவிலிருந்தும் வந்த கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் திரையில் ஒரு கண் தெரிந்தது. இரண்டு ஆட்டோ பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற அகலம். லோகநாயகி நூற்றுக்கணக்கான தடவை கடந்திருக்கிறார். ஒரு தடவைகூட அதற்குள் கால் வைக்கவில்லை. சைக்கிளில் போனவர்களும் அப்படியே. அந்த வருஷம் அங்கே குழியும் இல்லை, கல்லும் இல்லை, மரமும் இல்லை. எங்கள் போட்டோக்களில் வெறும் சமதரை.

கருவியின் பிழை என்றால் ஒருவருக்கு இடப்பக்கம் போகும், ஒருவருக்கு வலப்பக்கம் போகும். எல்லோருக்கும் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டு போகாது.

நேர்படுத்தியபோது என்ன நடந்தது என்பது அப்போது புரிந்தது. விலகிப் போன கோடுகளையெல்லாம் சாப்ட்வேர் நடுவுக்கு இழுத்துவிட்டது. எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்தன. யாருமே மிதிக்காத இடம் எங்கள் வரைபடத்தில் அதிகம் பேர் கடக்கும் இடமாக ஆகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் இங்கே கட்டுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் அந்த நேரம் ஞாபகம் வந்தது. க்ளீனிங் செய்தவள் பெனசீர். செய்வதற்கு முன்னால் என் அறைக்கு வந்து, "மேடம், ஒரு இடத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி வளையுது. அப்படியே விடட்டுமா?" என்று கேட்டாள். நான் ஏதோ தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாய்ஸ்மா. க்ளீன் பண்ணு" என்றேன்.

நிழற்குடையைப் பார்த்த அன்றும், திரும்பி வந்த வழி முழுக்கவும் அவள் இதைச் சொல்லவே இல்லை. அவளுக்கு நிச்சயம் ஞாபகம் இருந்திருக்கும்.

3. கடிதம்

லோகநாயகியிடம் திரையைக் காட்டினேன். சிரித்தார்.

"நான் நேராத்தான் மேடம் போறேன். நான் ஏன் சுத்திக்கினு போவப் போறேன்? எனக்கு நேரம் ஏது?"

"இப்ப என்கூட ஒரு தடவை நடக்கிறீங்களா?"

நிழற்குடை வந்த பிறகு அதைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பதால் அந்த நடையால் ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் பக்கத்தில் வந்தபோது அவர் பேச்சை நிறுத்தினார். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நிறுத்தியதை அவர் கவனிக்கவில்லை.

தெருவில் வயதானவர்கள் சிலரையும் கேட்டோம். அந்த இடத்தைப் பற்றி யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. பேய்க்கதை ஒன்றாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. கதை இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கதைக்குப் பயந்து விலகிப் போகிறார்கள் என்று எழுதியிருக்கலாம்.

இனி என்ன செய்வது? அறிக்கையில் தவறு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆலோசனை நிறுவனத்து டைரக்டரைப் போய்ப் பார்த்தேன். என்னைவிட இளையவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"என்ன மேடம், அங்க பேய் இருக்குதுன்னு எழுதப் போறீங்களா?"

"பேய்னு எழுதல சார். நான் அழிச்சத எழுதப் போறேன்."

"இது போனா அடுத்த புராஜெக்ட்ல உங்க பேர நான் எப்படிப் போடறது? மூணு ஊர் வேலை மேடம் அது. நிழற்குடைல ஆள் நிக்கலன்னா அது ஜனங்க பிரச்சினை. போகப் போகச் சரியாயிடும்."

அந்த மூன்று ஊர் வேலைக்காக நான் நாலு வருஷமாகத் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஓய்வுக்கு முன் நான் செய்ய நினைத்த பெரிய வேலை அதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கடிதத்தை எழுதாமல் படுத்துவிட்டேன். அடுத்த நாளும் எழுதவில்லை. ஒரு வாரம் ஓடியது. ஒரு காலை துறைக்குப் போனால் பெனசீர் அந்த வெற்றிடத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, தன் மேஜைக்கு மேல் ஒட்டி வைத்திருந்தாள். குட் மார்னிங் மேடம் என்றாள். அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன்.

ஒரு பக்கக் கடிதம். இந்த இடத்தை மக்கள் தவிர்க்கிறார்கள். அந்தத் தகவலை நான் பிழை என்று நினைத்து நீக்கினேன். அதனால் என் பரிந்துரை தவறு. தவிர்ப்பதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை. தரையைப் பரிசோதிக்கும் வரை இங்கே யாரையும் நிற்கச் சொல்ல வேண்டாம்.

சம்பத் அதை இரண்டு தடவை படித்தார்.

"மேடம், இதுல காரணம் எங்க?"

"இல்ல சார்."

"காரணம் இல்லாம நான் எப்படி மேல அனுப்புறது? என்னக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"நான் எழுதிக் கொடுத்தேன்னு சொல்லுங்க."

அவர் கெட்டவர் அல்ல. பெருமூச்சு விட்டு, சீல் போட்டு, கோப்பில் சேர்த்தார். மண் பரிசோதனைக்கு அனுமதி வரட்டும் என்றார். வைகாசி போனது, ஆனி போனது, ஆடியும் போனது.

4. ஆவணி மழை

ஆவணியில் திருப்பத்தில் இன்னொரு கணக்கெடுப்பு வைத்தோம். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள் என்று பகல் முழுக்க எண்ணுவது. பெனசீர் கிளிப்போர்டோடு பஸ் நிற்கும் பக்கம் நின்றாள். நான் எதிரே மருந்துக்கடை ஓரம் நின்று தெருவை எண்ணினேன்.

மூன்று மணி வாக்கில் வானம் கறுத்தது. காற்று அடித்துப் புழுதி கிளம்பியது, உடனே மழை. சாதாரண மழை இல்லை. எதிர்ப்பக்கம் மங்கலாகத்தான் தெரிந்தது.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடினார்கள். மருந்துக்கடையின் சரிவுக் கூரைக்குக் கீழே சிலர், டீக்கடைப் பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே சிலர். இடம் கிடைக்காதவர்கள் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நனைந்தபடியே நின்றார்கள். குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு ஒரு பெண் மழையிலேயே நின்றாள். நிழற்குடை அவளுக்கு ஐந்தாறு எட்டுத் தூரம். காலியாக இருந்தது.

பெனசீரின் கையில் எண்ணிக்கைத் தாள்கள். பேனா மையில் எழுதியவை. அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நிழற்குடைக்குள் ஓடினாள்.

அவள் உள்ளே போவதை நான் பார்த்தேன். யாரையும் நிற்கச் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். ஆனாலும் நான் கூப்பிடவில்லை. தாள் நனைந்துவிடுமே என்று நினைத்தேன். பாவம், பெண் நனைந்துவிடுவாளே என்றும் நினைத்தேன். மழை விட்டதும் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

என்னைச் சுற்றி நின்றவர்கள் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் நின்றவர்களும் அப்படியே. மழைச் சத்தம் மட்டும். உள்ளே பெனசீர் துப்பட்டாவால் தாளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்பது போல் நின்றாள்.

லோகநாயகி எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. குடை இல்லை. முழுக்க நனைந்து, வேக வேகமாக நடந்து வந்தார். நிழற்குடையின் விளிம்பில், டைல்ஸ் தரையில் கால் படாமல் நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டி, பெனசீரின் மணிக்கட்டைப் பிடித்தார். மழையில் உரக்கக் கத்திப் பேசியதால் எனக்குக் கேட்டது.

"வாமா வெளியே."

"அக்கா, பேப்பர் நனைஞ்சிடும்!"

"நனையட்டும். வா."

இழுத்த வேகத்தில் தாள்கள் கீழே விழுந்தன. பெனசீர் குனியப் பார்த்தாள். அவர் விடவில்லை. மருந்துக்கடை வரைக்கும் கையைப் பிடித்தே கூட்டி வந்தார். கூட்டத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். பேச்சு மறுபடி தொடங்கியது. மழை, பஸ், கரண்ட் போனது என்று.

"ஏன் லோகாம்மா இழுத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் முந்தானையைப் பிழிந்தார். "தெரியல மேடம். அந்தப் பொண்ணு அங்க நிக்கிறத பாத்ததும் உக்கார முடியல. நான் பாவு பிணைச்சிக்கினு இருந்தேன், நாலு வீடு தள்ளி. பாதில எழுந்து வந்துட்டேன்."

நாலு வீடு தள்ளித் தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கிருந்து பார்த்தார் என்று எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் தோன்றியது. அந்த வீட்டிலிருந்து திருப்பம் தெரியாது. பிறகு போய் நின்று பார்த்திருக்கிறேன்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது பெனசீரிடம், உள்ளே என்ன கேட்டாய் என்றேன்.

"தண்ணி சத்தம் மேடம்," என்றாள். "மழை மேலதானே பெய்யுது. எனக்குக் கீழ கேட்டுச்சு."

5. வட்டம்

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சம்பத்திடமிருந்து போன். "மேடம், கிளம்பி வாங்க." உடனே வைத்துவிட்டார்.

நிழற்குடையின் கூரை மூன்று காலில் சாய்ந்து நின்றது. நான்காவது காலைக் காணவில்லை. பெஞ்சு இல்லை, டைல்ஸ் தரை இல்லை. அந்த இடத்தில் வட்டமாக ஒரு துளை. உள்பக்கம் பழைய செங்கல் கட்டு, கச்சிதமான வட்டம். ஓர் ஆள் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். கையிலிருந்த கயிறு முழுக்கப் போனது, கல் அடியைத் தொடவில்லை.

தெருவே கூடி நின்றது. பெனசீரின் தாள் ஒன்று விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய், "நான்தான்மா உன்னைக் கூப்பிட்டிருக்கணும்" என்றேன். "க்ளீன் பண்ணாதேன்னும் நான்தான் சொல்லியிருக்கணும்."

அவள் கொஞ்சம் யோசித்து, "ஆமா மேடம்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவளை எனக்கு இன்னும் பிடிக்கும்.

"இங்க கிணறா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எண்பது வயதுக்காரர் ஒருவரும் அதையே கேட்டார். பெனசீர் நில அளவைப் பதிவறையில் நாலு நாள் உட்கார்ந்து, ஓரம் பொடிந்துபோன ஒரு பழைய வரைபடத்தைக் கண்டுபிடித்தாள். திருப்பத்தின் நடுவில் ஒரு சின்ன வட்டம், கிணறு என்ற குறியோடு. அதற்குப் பின் வந்த எந்த வரைபடத்திலும் அது இல்லை. எப்போது மூடினார்கள், எதைப் போட்டு மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அந்த வட்டத்தை எங்கள் ரா டேட்டாவின் மேல் வைத்துப் பார்த்தோம். கண்ணுக்குள் கருவிழி மாதிரி போய் உட்கார்ந்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். என் கடிதம் அவர் கையில் இருந்தது.

"கிணறு இருக்கிறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாம எப்படி இப்படி எழுதினீங்க?"

"ஜனங்க அங்க நடக்கல. அதை எழுதினேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கும் தெரியாது."

அவர் இதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். நானும் மூன்று விதமாக இதையே சொன்னேன். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "நல்லவேளை எழுதினீங்க" என்றார். அந்தக் கடிதம் கோப்பில் இருந்ததால்தான் சம்பத்தின் வேலையும் தப்பியது. மூன்று ஊர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. டைரக்டர் சொன்னபடியே செய்தார். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

6. என் கோடு

கருத்தரங்குகளில் இதைப் பேசியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். விளக்கம் எளிது. கிணறு இருந்த காலத்தில் மக்கள் அதைச் சுற்றி நடந்தார்கள். மூடிய பிறகும் பழக்கம் விடவில்லை. பிள்ளைகள் பெற்றோர் கையைப் பிடித்து நடந்தே அந்த வளைவைக் கற்றார்கள். புதிதாக வந்தவர்கள் முன்னால் போகிறவர்களைப் பார்த்து நடந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படியே வந்துவிட்டது. நானும் அப்படித்தான் எழுதினேன். நல்ல விளக்கம், இன்றும் அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் கோப்பில் இன்னொரு கோடு இருக்கிறது. கருவிகளை ஆட்களிடம் கொடுப்பதற்கு முன்னால், வேலை செய்கிறதா என்று பார்க்க நானே ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தேன். அந்தத் தெருவுக்கு நான் வந்த முதல் நாள் அது. ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். திருப்பத்தில் ஒரு மனுஷர் இல்லை. அன்று நான் எடுத்த போட்டோவில் வெறிச்சோடிக் கிடக்கிறது. முன்னால் போனவர் யாரும் இல்லை. கையிலிருந்த இன்னொரு கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டேதான் கடந்தேன். நேராகப் போனதாகத்தான் என் நினைவு.

சோதனைக் கோடு என்பதால் அதை நாங்கள் ஆய்வில் சேர்க்கவில்லை. எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து ஒரு நாள் திறந்து பார்த்தேன். தெரு முனையிலிருந்து நேராக வருகிறது. திருப்பத்தின் நடுவில் வலப்பக்கம் ஒதுங்குகிறது. அரைவட்டம் போட்டு மறுபடி நேராகப் போகிறது.

என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கோப்பை மூடித் திறந்து மறுபடி பார்த்தேன். அந்தக் கோட்டை எந்தக் கட்டுரையிலும் நான் சேர்க்கவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

7. இரண்டாவது கணக்கெடுப்பு

கிணற்றை அடியிலிருந்து மணலும் ஜல்லியும் போட்டு முறையாக நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டார்கள். நான் ஓய்வு பெற்றேன். பெனசீர் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வருஷம் அதே தெருக்களில் மறுபடி லாகர் கொடுத்து ஆய்வு செய்தது அவள்தான். என்னை உதவிக்குக் கூப்பிட்டாள்.

திருப்பத்தில் கோடுகள் நேராகப் போயிருந்தன. நிரப்பிய இடத்தின் மேலேயே எல்லோரும் நடக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைகள் அங்கே ஷட்டில் விளையாடுகிறார்கள். யாரும் அவர்களுக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை. லோகநாயகியிடம் சொன்னதற்கு, "நான் எப்பவும் நேராத்தானே மேடம் போறேன்" என்றார்.

இளையவர்களுக்கு நான் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். ரா டேட்டாவை ஒருபோதும் அழிக்காதீர்கள். நேர்படுத்தினால், எதை நேர்படுத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். உங்களிடம் வேலை செய்கிற பெண் ஒருத்தி அறை வாசலில் நின்று, 'அப்படியே விடட்டுமா' என்று கேட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். காரணம் தெரியாதபோது தெரியவில்லை என்றே எழுதுங்கள். எனக்கு அந்த ஒரு சொல்லை எழுத முப்பது வருஷமும் ஒரு வாரமும் ஆனது.

திருப்பத்துக் கோடுகளைப் பார்த்த அன்று பெனசீர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "இதையும் பாருங்க மேடம்."

திருப்பத்திலிருந்து மூன்று தெரு தள்ளி, போன வருஷம்தான் போட்ட சிமென்ட் சாலை. அதன் நடுவில், இரண்டு தறி நீளத்துக்கு, கோடுகள் இரு பக்கமும் ஒதுங்கியிருந்தன. முந்தைய ஆய்வில் அங்கே அப்படி இல்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு லாகரைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தோம். நல்ல வெளிச்சம், வழுவழுவென்று சாலை, ஒரு விரிசல் இல்லை. அதன் மேலேயே நேராக நடந்துவிட்டு வந்தோம். வந்து திரையில் பார்த்தபோது எங்கள் இரண்டு கோடுகளும் ஒதுங்கித்தான் போயிருந்தன.

பழைய வரைபடங்களில் தேடினாள். அங்கே கிணறும் இல்லை, குளமும் இல்லை, எதுவும் இல்லை.

"என்னன்னு எழுதறது மேடம்?"

"பாத்தத எழுது."

ஒரு பக்கத்தில் எழுதி, அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே சம்பத்திடம் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'காரணம்: தெரியவில்லை' என்ற வரிக்கு வந்ததும் விரல் அங்கே நின்றது. எங்களை நிமிர்ந்து பார்த்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் தெருவுக்குத் தடுப்பு வைக்க ஆட்களைக் கூப்பிட்டார்.